எவ்வளவு நழுவலாம்?

நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று இருக்கின்றன. இலங்கையின் மின்கட்டமைப்பு 50 ஹேர்ட்ஸில் ஓடுவதால் அவற்றின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழல வேண்டும். டர்பைனின் தண்டும் மின்பிறப்பாக்கியின் தண்டும் இறுகப் பிணைக்கப்பட்டவை; நழுவல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. நிலையத்துக்கு வெளியே, பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் ஓடும் ஒட்டோ கியர் கார்களில் கதை தலைகீழ். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் திடமான தண்டு எதுவும் அவற்றில் இல்லை. நடுவே நிற்பது சில லீட்டர் ஒயில். நழுவுவதற்கென்றே வடிவமைத்த அந்த வட்டப் பெட்டிக்குப் பெயர் டோர்க் கன்வேர்ட்டர். இரண்டும் தூரத்து உறவு என்பதுதான் வேடிக்கை. ஸ்டெட்டின் நகரின் வுல்கான் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியியலாளர், நீராவி டர்பைனைக் கப்பலின் சுழலியோடு எப்படி இணைப்பது என்ற சிக்கலுக்குத் தீர்வாகத்தான் 1905-இல் இந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். டர்பைனுக்குப் பிடித்தது அதிவேகம், சுழலிக்குப் பிடித்தது மெதுவேகம். அந்தக் காலத்துப் பற்சக்கரங்களோ அவ்வளவு பெரிய வலுவைத் தாங்கமாட்டா. நடுவில் திரவத்தை வைத்தால் இரண்டும் தத்தம் வேகத்தில் சுழலலாம் என்பது அவரது யோசனை.

கப்பலில் அந்த யோசனை நெடுநாள் நிலைக்கவில்லை. நல்ல பற்சக்கரங்கள் வந்ததும் திரவம் தோற்றது. காரில்தான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1948-இல் டைனாஃபுளோ என்ற பெயரில் டோர்க் கன்வேர்ட்டரைப் பெருந்தொகையில் கார்களுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பெட்டி ஓட்டத்தில் தானாகக் கியர் மாற்றாது. வேகமெடுக்கும் வேலை முழுவதையும் கன்வேர்ட்டரின் நழுவலே பார்த்துக்கொண்டது. பயணம் வழவழப்பாக இருந்தது, ஆனால் எஞ்சின் இரைந்த அளவுக்குக் கார் நகரவில்லை என்று அப்போதே கேலி பேசினார்கள். கேலியில் நியாயம் உண்டு. நழுவலைக் கூட்டினால் சில நன்மைகள் வரும், ஒரு எல்லைக்கு மேல் அது வெறும் வெப்பம். வாரநாட்களில் வேலைக்கும் வார இறுதியில் கால் மைல் பந்தயத்துக்கும் ஒரே காரை எடுத்துப் போக விரும்புகிறவருக்கு இந்த எல்லை எங்கே என்பதுதான் முழுக் கேள்வி. கராஜில் அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது: “எத்தனை ஸ்டோல் போடலாம்?” 2,500-ஆ, 3,000-ஆ, 3,500-ஆ என்று எண்ணைச் சொல்லிப் பெட்டி வாங்கும் பழக்கம் பரவலானது. அந்த எண்ணைப் பெட்டியின் குணமாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. இரட்டை வேலை பார்க்கும் காருக்குப் பொருத்தமான கன்வேர்ட்டர் ஏறக்குறைய எப்போதும் ஆசைப்பட்டதைவிட இறுக்கமானதாகவே இருக்கும் என்பது என் வாதம். அதற்கு முதலில் பெட்டிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்கிற விவசாயிகள் ஆழமில்லாத கிணறுகளிலிருந்து நீர் இறைக்கும் பம்பை அறியாதவர் அப்பகுதியில் இல்லை. கன்வேர்ட்டரின் முதற் சக்கரம் அதே வகைப் பம்புதான். எஞ்சின் அதைச் சுழற்ற, உள்ளே இருக்கும் ஒயில் மையத்திலிருந்து விளிம்புக்கு எறியப்படுகிறது. எறியப்பட்ட ஒயில் எதிரே இருக்கும் டர்பைன் சக்கரத்தின் தகடுகளில் மோதி அதைத் தள்ளுகிறது. டர்பைன் கியர்பொக்ஸின் தண்டில் பூட்டியிருக்கிறது. தள்ளிவிட்டுத் திரும்பும் ஒயில் எதிர்த்திசையில் சுழன்றபடி வருவதால் அப்படியே விட்டால் பம்பை மறிக்கும். அதைத் திருப்பிப் பம்பின் போக்கில் விடுவது நடுவே நிற்கும் ஸ்டேட்டர். ஒயிலைத் திருப்பும்போது ஸ்டேட்டர் தாங்குகிற எதிர்விசைதான் முறுக்குவிசைப் பெருக்கமாக வெளியே வருகிறது. கார் நிற்கும்போது அந்தப் பெருக்கம் பொதுவாக இரண்டு மடங்கை ஒட்டி இருக்கும். டர்பைனின் வேகம் பம்பின் வேகத்தில் பத்தில் எட்டரை, ஒன்பது பங்கை எட்டும்போது பெருக்கம் ஒன்றாகக் குறைந்துவிடும், ஸ்டேட்டர் தன் ஒருவழிக் கிளச்சில் சும்மா சுழலத் தொடங்கும். இனி நமக்கு வேண்டியவை பம்புகளின் இரண்டு விதிகள். பம்பு உள்வாங்கும் முறுக்குவிசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும்; விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பவும் உயரும். ஐந்தாம் அடுக்கு என்பது சாதாரணமானதல்ல. 12 அங்குலக் கன்வேர்ட்டரை அதே வடிவில் 10 அங்குலமாகச் சுருக்கினால் அது ஒரே வேகத்தில் தாங்கும் முறுக்குவிசை ஐந்தில் இரண்டாக விழுகிறது. முன்பு 2,000 சுற்றில் நின்ற எஞ்சின் இப்போது 3,150 வரை ஓடித்தான் நிற்கும். பந்தயக் கன்வேர்ட்டர்கள் சிறியவையாக இருப்பதன் காரணம் இதுதான்.

பிரேக்கை அழுத்திச் சக்கரங்களை நிறுத்தி, எக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் எந்த வேகத்தில் மேலே போகமுடியாமல் நிற்கிறதோ அதுவே ஸ்டோல் வேகம். எஞ்சின் தரும் முறுக்குவிசையும் பம்பு உள்வாங்கும் முறுக்குவிசையும் சமப்படும் புள்ளி அது. ஆகவே அந்த எண்ணில் பாதி எஞ்சினுடையது. வர்க்க விதி சொல்வது இது: எஞ்சினின் முறுக்குவிசை மாறினால் ஸ்டோல் வேகம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 540 நியூட்டன் மீற்றர் தருகிற அமெரிக்க வி8 எஞ்சினுக்குப் பின்னால் 3,000 என்று அளந்து விற்கப்படும் பெட்டியை, 370 நியூட்டன் மீற்றர் தருகிற ஜப்பானிய ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பின்னால் பூட்டினால் கிடைப்பது ஏறத்தாழ 2,480. பெட்டி அதுவே, எண் மட்டும் வேறு. ஊர் மாறினாலும் எண் மாறும். நுரைச்சோலை கடல்மட்டத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,850 மீற்றருக்கும் மேலே. அங்குள்ள குளிரைக் கணக்கில் சேர்த்தாலும் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினின் முறுக்குவிசையும் அதே அளவில் குறையும். கரையில் 2,500 காட்டும் கார், மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் போனால் 2,280 அளவில் நின்றுவிடும். இதிலிருந்து இன்னொரு தவறான நம்பிக்கையும் உடைகிறது. 3,000 ஸ்டோல் போட்டால் 3,000 சுற்று வரும்வரை கார் நகராது என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை. எக்ஸிலேட்டரை மெல்லத் தொட்டு நகரும்போது எஞ்சின் முழு முறுக்குவிசையைத் தருவதில்லை. நான்கில் ஒரு பங்கு கொடுத்தால் அந்த 3,000 அப்போது 1,500 ஆகிவிடும். ஆனாலும் தளர்ந்த பெட்டியின் செலவு தினமும் தெரியும். 370 நியூட்டன் மீற்றரில் 2,500-இல் நிற்கும் பெட்டி, சந்தியில் 90 நியூட்டன் மீற்றரோடு புறப்படும்போது 1,230 சுற்றைக் கேட்கும். 3,500-இல் நிற்கும் பெட்டி அதே வேலைக்கு 1,730-ஐக் கேட்கும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஐந்நூறு சுற்று வீண்.

பிறகு ஏன் பந்தயக்காரர்கள் உயர்ந்த ஸ்டோலுக்கு ஆசைப்படுகிறார்கள்? அவர்களின் காரணம் உறுதியானது. அதை முழுமையாகச் சொல்லாமல் மறுப்பது நியாயமல்ல. எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒரே முறுக்குவிசை தருவதில்லை. டொயோட்டா மார்க் 2, சேசர் கார்களில் வந்த 1ஜேஇசட் ஜிடிஈ எஞ்சின் இதற்கு நல்ல சான்று. முந்தைய இரட்டை டர்போ வடிவம் 363 நியூட்டன் மீற்றரை 4,800 சுற்றில் தந்தது. 1996-இல் வந்த ஒற்றை டர்போ விவிடி-ஐ வடிவம் 378-ஐ 2,400 சுற்றிலேயே தந்தது. இரண்டுக்கும் அறிவித்த குதிரைவலு ஒன்றுதான், 280. முதலாவது எஞ்சினைத் தாழ்ந்த ஸ்டோல் பெட்டியோடு புறப்படச் செய்தால் டர்போ விழிக்கும் முன்னே எஞ்சின் அமுங்கிவிடும். பெட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தால் எஞ்சின் உயர்ந்த வேகத்துக்கு ஏறி, டர்போவுக்கு வேண்டிய புகையோட்டத்தை உண்டாக்கும். கியர் மாறும்போதும் இதே உதவி உண்டு. இந்தக் கார்களின் நான்கு கியர் ஒட்டோ பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.804, இரண்டாவதன் விகிதம் 1.531. 6,500 சுற்றில் மாற்றினால் நழுவல் இல்லாத இணைப்பில் எஞ்சின் 3,550-க்கு விழும். தளர்ந்த கன்வேர்ட்டர் அந்த வீழ்ச்சியைத் தாங்கிப்பிடித்து எஞ்சினை வலு உள்ள இடத்திலேயே வைத்திருக்கும். ஆகவே ஸ்டோலை எஞ்சினின் உச்ச முறுக்குவிசை வேகத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும் என்ற பந்தய மரபுக்கு இயற்பியல் துணை நிற்கிறது. ஆனால் அதே மரபு, பிந்தைய எஞ்சினுக்கு உயர்ந்த ஸ்டோல் தேவையே இல்லை என்றும் சொல்கிறது என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. குதிரைவலுவைப் பார்த்துப் பெட்டி வாங்கினால் இந்த இரண்டு எஞ்சினுக்கும் ஒரே பெட்டியை வாங்குவோம்.

அடுத்தது டயர். கொழும்புக்குத் தெற்கே கட்டுக்குருந்த விமான ஓடுதளத்திலும், சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்திலும் கார்கள் பந்தயம் ஓடியிருக்கின்றன. இத்தகைய தளங்கள் பசை பூசித் தயாரித்த அமெரிக்கப் பந்தயத் தடங்கள் அல்ல. அவற்றில் வீதி டயரோடு நிற்கும் 1,500 கிலோ பின்சக்கரக் காரை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது பின்னே சாயும் பாரத்தையும் சேர்த்துப் பின்சக்கரங்களில் ஏறத்தாழ 900 கிலோ இருக்கும். உராய்வுக் குணகம் 0.9 என்று தாராளமாகவே வைத்தால் டயர் தாங்கும் தள்ளுவிசை 8,000 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. டர்போ இன்னும் விழிக்காத எஞ்சின் 200 நியூட்டன் மீற்றர் மட்டும் தருகிறது என்று கொண்டாலும், முதல் கியர் 2.8, டிஃபரன்ஷியல் 3.9, டயரின் ஆரை 31 சென்றிமீற்றர் என்ற கணக்கில் சக்கரத்தில் 7,000 நியூட்டன் வந்துவிடுகிறது. இது கன்வேர்ட்டர் எதையும் பெருக்காத நிலை. பெருக்கம் இரண்டு மடங்கு என்றால் 14,000. கியர்பொக்ஸில் தொலைவதைக் கழித்தாலும் டயரின் எல்லையை அது எளிதாகத் தாண்டும். உயர்ந்த ஸ்டோல் இங்கே தருவது புகையும் சத்தமும்தான். தென்மேல் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டிக் கரையோர வீதிகளில் மணல் படியும்போது 0.9 என்ற எண்ணே கனவு. ஆகவே வரிசையில் டயர் முதலில் வர வேண்டும், கன்வேர்ட்டர் அதன் பின்னால். மென்மையான பந்தய டயர் போட்டு, உராய்வுக் குணகம் ஒன்றைத் தாண்டிய பிறகுதான் ஸ்டோலைக் கூட்டுவது நேரத்தைக் குறைக்கத் தொடங்கும். இந்தக் கணக்கில் ஒரு சிறு நுணுக்கத்தையும் மறைக்கக்கூடாது: தளர்ந்த பெட்டி முறுக்குவிசையை மெல்ல ஏற்றுவதால் டயர் திடீரென்று பிடி நழுவாமல் இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அந்த நன்மையை எக்ஸிலேட்டரில் இருக்கும் பாதமும் தரக்கூடியது என்பதால் அதற்காகப் பெட்டியை மாற்றுவது எனக்கு வீண்செலவாகத் தோன்றுகிறது.

வெப்பத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. ஸ்டோலில் கார் நிற்கிறது. வெளியே வேலை எதுவும் நடக்கவில்லை. எஞ்சின் தரும் வலு முழுவதும் ஒயிலைக் கலக்கிச் சூடாக்குவதில் போகிறது. 370 நியூட்டன் மீற்றரை 2,500 சுற்றில் பெருக்கினால் 97 கிலோவாட். இரண்டு கிலோவாட் மின்கேத்தல்கள் நாற்பத்தெட்டை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம் இது, அதுவும் நான்கு லீட்டர் ஒயிலுக்குள். ஒயிலின் வெப்பக் கொள்ளளவை வைத்துக் கணக்கிட்டால் வெப்பநிலை வினாடிக்கு 14 பாகை ஏற வேண்டும். பெட்டியின் உலோகம் கொஞ்சத்தை உள்வாங்கும், குளிர்விப்பான் கொஞ்சத்தை எடுக்கும். ஆனாலும் ஐந்து வினாடியில் 80 பாகையிலிருந்த ஒயில் 140-ஐ நெருங்கிவிடும். ஜப்பானிய நிறுவனங்களின் பழுதுபார்ப்புக் கையேடுகள் ஸ்டோல் சோதனையை ஐந்து வினாடிக்கு மேல் நீட்டவேண்டாம் என்று எச்சரிப்பதன் பொருள் இந்தக் கணக்கில் இருக்கிறது. வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் பொதுவாகக் கையாளும் விதி. நுரைச்சோலையில் ஆண்டு முழுவதும் காற்று 30 பாகையை ஒட்டியே இருக்கிறது. 90 பாகை ஒயிலைக் குளிர்விக்க அங்கே கிடைப்பது 60 பாகை வித்தியாசம். நுவரெலியாவின் 15 பாகைக் காற்றில் 75 கிடைக்கும். ஒரே குளிர்விப்பான் அங்கே கால் மடங்கு கூடுதலாக வேலை செய்யும். ஆகவே குளிர்நாட்டுப் பட்டியல்கள் சொல்லும் குளிர்விப்பான் அளவை இலங்கையின் கரையோரத்தில் அப்படியே நம்பக்கூடாது. ஆனால் இந்த வெப்பப் பயத்தையும் இடமறிந்து வைக்க வேண்டும். சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும்போது கன்வேர்ட்டர் ஒயிலை வேகவைத்துவிடும் என்பது மிகைப்பேச்சு. 60 கிலோமீற்றர் வேகத்தில் இந்தக் காருக்குத் தேவை ஐந்து கிலோவாட்டுக்கும் குறைவு. அதில் பத்திலொரு பங்கு நழுவினாலும் அரை கிலோவாட்தான். அது ஒயிலைக் கெடுக்காது, பெற்றோலைத்தான் தின்னும். ஒயிலைக் கெடுப்பவை புறப்பாடுகள், நெரிசல், பாரம் இழுத்தல், பந்தயக் கோட்டில் காத்திருத்தல்.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். இன்றைய பெட்டிகளில் லொக்-அப் கிளச் இருக்கிறதே, ஓட்டத்தில் அது பூட்டிக்கொண்டால் நழுவலே இல்லையே, பிறகு எவ்வளவு தளர்ந்த பெட்டியைப் போட்டால் என்ன? லொக்-அப் புதிய சங்கதியல்ல. பக்கார்ட் நிறுவனத்தின் அல்ட்ராமெட்டிக் 1949-இலேயே அதைக் கொண்டிருந்தது. அது நீண்ட பயணத்தின் பெற்றோல் செலவைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் குறைந்த வேகத்தில் அது பூட்டாது. புத்தளம் நகருக்குள் நின்று நின்று நகரும் காருக்கு அது இல்லாததற்குச் சமம். முழு வலுவில் பூட்டச் சொன்னால் சாதாரணக் கார்களுக்கென்று செய்த அதன் உராய்வுத் தகடு தாங்காது. தாங்கும்படி பல தகடுகளோடு செய்த பெட்டிகள் விலை கூடியவை, பாரமும் கூடியவை. இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது: ஒரே பெட்டியில் இரண்டு ஸ்டோல் வைக்கமுடியாதா? முடியும், வைத்தும் இருக்கிறார்கள். ஸ்டேட்டரின் தகடுகளைத் திருப்பும்படி பியூக் 1955-இல் செய்தது. 1965 முதல் 1967 வரை ஜெனரல் மோட்டோர்ஸின் டர்போ ஹைட்ராமெட்டிக் 400 பெட்டிகள் சிலவற்றிலும் அது வந்தது. தகடு ஒரு கோணத்தில் நின்றால் இறுக்கம், இன்னொரு கோணத்தில் தளர்ச்சி. அழகான தீர்வு. உள்ளே நகரும் உறுப்புகள் கூடியதும், கியர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மலிவாக அமைந்ததும் அதை ஒதுக்கிவிட்டன. அதன் பாடம் இன்றும் செல்லும்: கியர்கள் கூடக் கூடக் கன்வேர்ட்டரின் தளர்ச்சிக்கான தேவை குறைகிறது. இரண்டே கியர் கொண்ட பவர்கிளைட் பெட்டிக்கு உயர்ந்த ஸ்டோல் உயிர். ஆறு, எட்டுக் கியர் பெட்டிக்கு அது பழைய பழக்கத்தின் தொடர்ச்சி.

அப்படியானால் நழுவலையே முற்றாக ஒழித்துவிடலாமே என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஹொண்டா தன் சிறிய ஹைபிரிட் கார்களில், நம்மூரில் ஃபிட் ஜிபி5 என்றும் வெசல் என்றும் பரவலாகத் தெரிந்தவற்றில், கன்வேர்ட்டர் இல்லாத ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டியை வைத்தது. 2013, 2014 ஆண்டுகளில் அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காகக் கார்களைத் திரும்பத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அதே ஹொண்டா அடுத்து அமெரிக்காவில் அக்கியூரா டிஎல்எக்ஸ் காருக்கு எட்டுக் கியர் இரட்டைக் கிளச் பெட்டியைச் செய்தபோது அதன் முன்னால் ஒரு டோர்க் கன்வேர்ட்டரைச் சேர்த்தது. ஊர்ந்து நகரும் வேளையில் உராய்வுத் தகடு தேய்கிற இடத்தில் ஒயில் தேய்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டதில்லை. பெரிய இயந்திரங்களின் உலகமும் இதையே சொல்கிறது. நிலக்கரி மின்நிலையங்களில் கொதிகலனுக்கு நீரைத் தள்ளும் பம்புகளின் வேகத்தை மாற்ற ஃபொட்டிங்கரின் வழிவந்த திரவ இணைப்பைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். பம்புக்கு வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப விழுவதால், அந்த இணைப்பில் நழுவலால் தொலைவது எந்த வேகத்திலும் முழு வலுவின் 27-இல் 4 பங்கைத் தாண்டாது, அதாவது ஏறத்தாழ 15 சதவீதம். வேகம் மூன்றில் இரண்டாக இருக்கும்போது அந்த உச்சம் வரும். முழு வேகத்தில் ஓடவிட்டு வால்வை நெரிப்பதைவிட இந்த இழப்பு பெரும்பாலும் மேல். நழுவாத இணைப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியபோது லக்விஜயவின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவை உடனே திரும்பாததால் அடுத்த சில நாட்கள் மின்வெட்டு நீடித்தது. கட்டமைப்பின் அதிர்வை இடையில் நின்று வாங்கிக்கொள்ள அங்கே ஒயில் இல்லை, இருக்கவும் முடியாது. 300 மெகாவாட்டில் மூன்று சதவீதம் நழுவினாலும் ஒன்பது மெகாவாட் வெப்பம். இடத்துக்கு இடம் கணக்கு வேறு என்பதைத்தான் இது காட்டுகிறது. மின்மோட்டாரோடு ஓடும் கார்களுக்குக் கன்வேர்ட்டர் தேவையில்லாததும் இதனால்தான். நிற்கும் நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும் மோட்டாருக்கு நழுவ எதுவுமில்லை.

இனித் தேர்வு. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இலங்கையில் பழைய கார்களைப் பேணி ஓட்டும் பழக்கம் வலுப்பட்டது. கன்வேர்ட்டரை மாற்ற யோசிப்பவர்கள் பெரும்பாலும் அத்தகைய கார்களை வைத்திருப்பவர்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது எஞ்சினின் முறுக்குவிசை வளைகோட்டை, அதற்குப் பிறகு காரின் எடை, டிஃபரன்ஷியல் விகிதம், டயர். விவிடி-ஐ வடிவ 1ஜேஇசட் எஞ்சினுக்கு நிறுவனம் போட்ட பெட்டியையே, உட்பாகங்கள் தேய்ந்திருந்தால் புதுப்பித்து, வைத்துக்கொள்வது போதும். மிஞ்சும் காசைத் தனி ஒயில் குளிர்விப்பானுக்கும் டயருக்கும் போடலாம். பழைய இரட்டை டர்போ வடிவத்துக்கு, முழு முறுக்குவிசையில் 2,800-ஐ ஒட்டிய ஸ்டோல் நியாயமானது. 4,800-இல் உச்சம் தரும் எஞ்சினுக்கு இது குறைவல்லவா என்று பந்தயக்காரர் கேட்பார். கால் மைலின் கடைசி நூறு மீற்றரை அவர் மறந்துவிடுகிறார். கோட்டைக் கடக்கும் வேகம் வலுவின் கனமூலத்துக்கு ஏற்ப நடக்கும். தளர்ந்த பெட்டி உயர்கியரில் கூடுதலாக ஆறு சதவீத வலுவைத் தின்றால் கடக்கும் வேகத்தில் இரண்டு சதவீதம் போய்விடும். புறப்பாட்டில் வென்ற தூரத்தை முடிவில் திருப்பிக் கொடுப்பதாக அது முடியலாம். வாங்கும்போது விற்பவரிடம் ஸ்டோல் எண்ணோடு எந்த எஞ்சினில், எத்தனை நியூட்டன் மீற்றரில் அளந்தது என்பதையும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரின் எண்ணுக்கு மதிப்பில்லை.

பெட்டியைப் பூட்டிய பிறகு ஒரு சோதனை மீதமிருக்கிறது. ஒயில் 80 பாகைவரை சூடேறியதும், முன்னே எவரும் நிற்காத இடத்தில், சக்கரங்களுக்குத் தடை வைத்து, பிரேக்கை முழுக்க அழுத்தி, ஐந்து வினாடிக்குள் ஸ்டோலை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். டி-யிலும் ஆர்-இலும் எண் ஒரே அளவில் குறைந்தால் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையைத் தரவில்லை, அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளச் பிடிக்கவில்லை. டொயோட்டாவின் கையேடுகள், எதிர்பார்த்ததைவிட 600 சுற்றுக்கு மேல் குறைந்தால் கன்வேர்ட்டரைச் சந்தேகிக்கச் சொல்கின்றன. எண் கூடினால் புதிய பெட்டி நன்றாக இழுக்கிறது என்று மகிழ்வது தவறு. கியர்பொக்ஸுக்குள் ஒயில் அழுத்தம் குறைந்து அங்குள்ள கிளச் தகடுகள் நழுவுகின்றன என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அப்படிக் காட்டும் காரைப் பந்தயத்துக்கு எடுத்துப் போவதற்கு முன் கியர்பொக்ஸைத் திறந்து பார்ப்பது மலிவு.